பனிக்கட்டி வந்த வழி

என் மகள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சிறு மாடம் அமைந்திருக்கிறது. தம்ளரை அதனுள் வைத்து மெல்ல அழுத்தினால், உள்ளே ஏதோ சுழலும் ஓசை எழுந்து, பிறை வடிவமான பனிக்கட்டிகள் கலகலவென்று வந்து விழுகின்றன. குழாய் நீரை அளந்து அச்சில் நிரப்பி, அது உறைந்து இறுகிய பின்னர், ஒரு மின்கம்பி அச்சைக் கணநேரம் சூடாக்கினால்தான் கட்டிகள் பிடி தளர்ந்து வெளிவருகின்றன என்று பழுது பார்க்க வந்தவர் விளக்கியபோது, பனிக்கட்டி பிறப்பதற்கும் சிறிது உஷ்ணம் வேண்டியிருக்கிறதே என்று நான் வியந்தேன்.

இப்படி வீட்டிலேயே பிறக்கும் பனிக்கட்டி ஒரு காலத்தில் சென்னைக்குக் கப்பலேறி வந்தது. பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி 1833ஆம் ஆண்டில் ஏறக்குறைய 180 டன் பனிக்கட்டியை 'டஸ்கனி' என்னும் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்; நான்கு மாத யாத்திரையில், பூமத்திய ரேகையை இருமுறை கடந்த பின்னும், அதில் பாதிக்கு மேல் உருகாமல் கரை சேர்ந்தது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி உஷ்ணம் வேண்டும். அந்த உஷ்ணம் எளிதில் அணுகாதபடி காத்தவை அதைச் சுற்றி அடைத்த பொருள்கள். 1842இல் சென்னைக் கடற்கரையிலும் அவருடைய கிடங்கு எழுந்தது.

அந்த வியாபாரத்தைத் தன் குடிசை ஜன்னலிலிருந்து கண்டவர் அமெரிக்க எழுத்தாளர் தோரோ. மாஸசூஸெட்ஸில் வால்டன் குளக்கரையில் ஏகாந்தவாசம் செய்துவந்த அவர், 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நூறு ஆட்கள் வந்து உறைந்த குளத்தைப் பாளம் பாளமாக அறுத்தெடுப்பதைப் பார்த்தார். காலையில் பகவத் கீதையில் அறிவை நீராட்டிவிட்டுக் குளத்துக்கு நீர் மொள்ளப் போகும் அம்மனிதர், சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடும் ஜனங்கள் அவருடைய கிணற்று நீரை அருந்துவதாகவும், வால்டனின் தூய நீர் கங்கையின் புண்ணிய தீர்த்தத்தோடு கலப்பதாகவும் எண்ணி ஆனந்தித்தார். தாம் படிக்கும் நூல் பிறந்த தேசத்துக்குத் தம் குளத்தின் நீர் போகிறது என்ற நினைவைவிடச் சிறந்த தக்ஷிணையை எந்த வாசகன் செலுத்தியிருக்கிறான்? ஆனால் அவ்வாண்டு வெட்டிக் குவித்த பனியில் ஒரு பகுதியே அங்கிருந்து போயிற்று. எஞ்சியது இரண்டு கோடைகள் தாங்கி, 1848 செப்டம்பரில்தான் முற்றும் உருகிக் குளத்துக்கே திரும்பியது என்று அவரே எழுதியிருக்கிறார். அதனால் அவருடைய எண்ணத்தின் மேன்மை அணுவளவும் குறைந்துவிடாது.

இயந்திரப் பனிக்கட்டி வந்ததும் கப்பல் பனிக்கு மதிப்புப் போயிற்று. சென்னைக் கிடங்கை வாங்கிக் குடியிருப்பாக மாற்றிய வக்கீல் பிலிகிரி ஐயங்கார், 1897 பிப்ரவரியில், மேல்நாடுகளில் வேதாந்தத்தை முழக்கித் திரும்பிய விவேகானந்தரை அங்கே தங்கவைத்து உபசரித்தார். அமெரிக்கப் பனிக்கட்டிக்காகக் கட்டிய சுவர்களுக்குள், அமெரிக்கா சென்று வந்த துறவி தங்கினார்! பின்னர் சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மையார் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்ததும் அங்கேதான்.

அந்தக் கிடங்கே இன்றைய விவேகானந்தர் இல்லம்; மெரினாவுக்குப் போகிறவர்கள் அதனுள்ளும் ஒருமுறை சென்று பாருங்கள். டியூடரின் பனிக்கட்டிக்கென்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் எழுந்த கிடங்குகளில் இன்று நிற்பது அது ஒன்றே.