அடிநூலும் மேல்நூலும்

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், காலால் மிதித்து ஓட்டும் தையல் இயந்திரம் ஒன்று இன்றும் நிற்கின்றது. வாப்பா மறைந்தபின் எங்கள் மூவரையும் படிக்க வைத்தது அதுதான். என் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குரிய கட்டணமும் அதன் சக்கரத்திலிருந்தே வந்தது. ஆயினும் அதன்முன் அமர்ந்து தைக்க நான் கற்றதில்லை. பள்ளியில் ஒருத்தி என்னைத் 'தையற்காரி மகள்' என்றழைத்த நாள்முதல் அதன் பக்கமே செல்லாதிருந்தேன். உம்மா வற்புறுத்தவில்லை, காரணமும் கேட்கவில்லை. காரணம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும் என்பது நாற்பது வயதைக் கடந்தபின்னரே எனக்கு உறைத்தது.

சென்ற ஆண்டு என் தங்கை, மணமாகிப் பதினோராண்டுகள் கழித்துக் கருவுற்றாள். எங்கள் குடும்பத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உம்மா ஒரு சிறு மெத்தைவிரிப்புத் தைத்துத் தருவது வழக்கம். துவைத்துத் துவைத்து மென்மையாகிவிட்ட பருத்திச் சேலைத் துண்டுகள் இரண்டு; நடுவே மெல்லிய பஞ்சு; மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைப்பார். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கிக் கையால் தைக்கும் காந்தாவும் இவ்வினத்ததே. ஆனால் கண் அழுத்த நோய் உம்மாவின் பார்வையைப் பெரும்பாலும் பறித்துவிட்டது. பெட்டியிலிருந்து ஊதாநிறச் சேலையொன்றை எடுத்து என் மடியில் வைத்து, "இந்த முறை நீதான் தைக்க வேண்டும்" என்றார். அது வாப்பா இறுதியாக வாங்கித் தந்த சேலை.

முதல் நாளே தோற்றேன். மேற்புறம் தையல் ஒழுங்காகத் தெரிந்தது. திருப்பிப் பார்த்தாலோ அடிப்புறத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கிற்று. அடியில் தொங்குவதால் குற்றம் அடிநூலுடையது என்று முடிவு செய்து, பாபின் கூட்டின் சிறு திருகை இறுக்கினேன். பயனில்லை. பிரித்தேன், மீண்டும் தைத்தேன். பின் மேல்நூலின் டென்ஷன் திருகை முழுவதும் முறுக்கினேன். நூல் அறுந்தது. ஒவ்வொரு முறை பிரித்தபோதும் நைந்த சேலையில் ஊசித்துளைகள் பெருகின. கடைத்தெருவில் பழுது பார்ப்பவரோ, பழைய பொறியை விற்றுவிடுவதே மேல் என்றார். சொல்லைப் பஞ்சாகவும் நூலாசிரியன் வாயை நூற்கும் கையாகவும் உவமித்த நன்னூலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். நூல் சிக்கிக்கொண்டால் செய்யத்தக்கது யாதெனப் பவணந்தியார் கூறிற்றிலர்!

மூன்றாம் நாள் மாலை உம்மா நாற்காலியை அருகே இழுத்துப் போடச் சொன்னார். துணியின் அடிப்புறத்தை விரல்நுனியால் தடவிப் பார்த்தார்.

"நூல் கோக்கும்போது காலடியைத் தூக்கி வைத்திருந்தாயா?"

"இல்லையே உம்மா. தாழ்த்தித்தான் வைத்திருந்தேன்."

"அங்கேதான் பிழை. குற்றம் மேலே இருக்க, நீ கீழே திருகியிருக்கிறாய்."

பிறகு விளக்கினார். ஊசி கொண்டுவரும் மேல்நூலும் பாபினிலிருந்து வரும் அடிநூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதே இயந்திரத் தையல். 1846ஆம் ஆண்டு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற பொறியும் இந்தப் பூட்டுத் தையலையே இட்டது. அந்தப் பூட்டு துணியடுக்கின் நடுவே மறைந்திருத்தல் வேண்டும். மேல்நூல் தளர்ந்தால் அடிநூல் அதனைக் கீழே இழுத்துக்கொள்ளும்; வளையம் அடியில் தோன்றும். மேல்நூல் மிகுதியாக இறுகினாலோ அடிநூல் புள்ளி புள்ளியாக மேலே எட்டிப் பார்க்கும். துணியை அழுத்தும் காலடி தாழ்ந்திருக்கையில் டென்ஷன் வட்டுகள் இரண்டும் மூடியிருக்கும். அப்போது கோக்கும் நூல் அவற்றின் இடையே புகாமல் விளிம்பிலேயே நின்றுவிடும். பின்னர்த் திருகை எவ்வளவு முறுக்கினாலும் என்ன பயன்?

காலடியைத் தூக்கிப் புதிதாகக் கோத்தேன். நான் கெடுத்துவைத்த பாபின் கூட்டையும் சீர்செய்ய வேண்டியிருந்தது. நூல்நுனியைப் பிடித்து அதனைத் தொங்கவிடச் சொன்னார். தானே சரசரவென இறங்கினால் தளர்ச்சி. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். மெல்ல உதறும்போது ஓரிரு அங்குலம் இறங்கி நின்றால் போதும். திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகவே திருப்ப வேண்டுமாம். நானோ முன்பு இரண்டு சுற்றுத் திருப்பியிருந்தேன்.

அடுத்து ஊசி. நான் போட்டிருந்தது மெல்லிய 11ஆம் எண் ஊசி. பஞ்சடுக்கைத் துளைக்கையில் அது வளைந்து தையலைத் தவறவிட்டது. புதிய 16ஆம் எண் ஊசி மாற்றினேன். பற்கள் இருக்கும் தகட்டைக் கழற்றியபோது, உள்ளே பஞ்சுத் துகள் கட்டையாகப் படிந்திருந்தது. பழைய பல்துலக்கியால் துடைத்தேன். மேலடுக்கு முன்னே தள்ளப்பட்டுச் சுருக்கம் விழுவதற்குக் காலடியின் அழுத்தமே காரணம் என்றார். அதனைத் தளர்த்தி, தையலைச் சற்று நீளமாக்கி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைக்க வேண்டும். மேசையிலிருந்து தொங்கும் விரிப்பின் பாரம் துணியை இழுத்து ஊசியை வளைக்காதபடி அதனைத் தம் மடியில் தாங்கிக்கொண்டார்.

அதன்பின் எதையும் சொல்லவில்லை. மிதிக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும், "நிறுத்து, பாபினில் நூல் தீர்ந்துவிட்டது" என்றார். நான் பார்த்திருக்கவில்லை, அவர் ஓசையில் அறிந்திருந்தார்.

விரிப்பு முடிந்ததும் கையில் வாங்கி முழுவதும் தடவினார். நான் மூன்று நாள் பிரித்துப் பிரித்துத் தைத்த மூலையில் விரல்கள் நின்றன.

"வாப்பா சேலையைக் கெடுத்துவிட்டேன் உம்மா."

"துளைதானே! துவைத்தால் மூடிக்கொள்ளும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "பள்ளிக்கூடக் காலத்திலேயே உனக்குச் சொல்லித் தந்திருப்பேன்" என்றார். நான் விடை கூறவில்லை; எண்ணெய்ப் புட்டியை எடுத்துத் தரச் சொன்னார், எடுத்துத் தந்தேன்.

தங்கை மகனுக்கு இப்போது ஐந்து மாதம். விரிப்பு பலமுறை துவைக்கப்பட்டுவிட்டது. துளைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. மூலையில் இரண்டு மட்டும் தெரிகின்றன.