வில்லன் நடத்திய டீக்கடை

இஸ்தான்புல் போகிறவர்கள் நீல மசூதி பார்ப்பார்கள். அப்புறம் கார்ப்பெட் கடையில் அரை நாள் மாட்டிக்கொள்வார்கள். எங்கள் பாக்கேஜ் டூர் கோஷ்டிக்கும் அதே கதிதான். கடைக்காரர் பதினோராவது கார்ப்பெட்டை உதறி விரித்தபோது, மனைவியை அங்கேயே விட்டுவிட்டு நைஸாக நழுவினேன். ஒரு வில்லன் டீக்கடை நடத்திய பேட்டையை எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

வில்லன் பேர் எரோல் தாஷ். 'தாஷ்' என்றால் துருக்கியில் கல். 1928-ல், கிழக்கே பனி கொட்டுகிற எர்சுரூமில் பிறந்தவர். அடர்ந்த புருவம், வாசலை அடைக்கிற தோள். இந்த சரக்கோடு சினிமாவுக்குப் போனால் டூயட்டா கொடுப்பார்கள்? நூற்றுக்கணக்கான படங்களில் அடித்தார், கடத்தினார், கடைசி ரீலில் தவறாமல் உதை வாங்கினார். 1972-ல் மட்டும் துருக்கியில் சுமார் 300 படங்கள் எடுத்தார்கள் என்றால், எத்தனை உதை தேவைப்பட்டிருக்கும், யோசியுங்கள்!

நான் அவரிடம் விழுந்தது 'சுசூஸ் யாஸ்' படத்தில். 'தண்ணீரில்லாத கோடை' என்று அர்த்தம். மெத்தின் எர்க்சான் டைரக்ட் செய்த கறுப்பு வெள்ளைப் படம். 1964-ல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கியது. இஸ்மிர் பக்கம் ஒரு புகையிலைக் கிராமம். ஊர் வயலுக்கெல்லாம் பாய்கிற ஊற்று, உஸ்மான் நிலத்தில் கிளம்புகிறது. "என் நிலம், என் தண்ணி" என்று மறித்துவிடுகிறான். தம்பி கெஞ்சியும் கேட்கவில்லை. சண்டையில் ஒருத்தனைச் சுட்டுவிட்டு, பழியைத் தம்பி தலையில் கட்டி ஜெயிலுக்கு அனுப்புகிறான். அப்புறம் தம்பி பெண்டாட்டி மேலேயே கண்!

"அப்படியே நம்ம மாடி வீட்டு ஆசாமிதாங்க, மோட்டார் போட்டு உறிஞ்சறாரே!" என்றாள் என் மனைவி. படம் முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

உஸ்மானாக வருகிறவர் தாஷ். மாட்டு மடியில் வாயை வைத்துப் பாலைக் குடித்துக்கொண்டே அவளைப் பார்ப்பார் பாருங்கள், நமக்குக் கூசும். அதே ஆள் தனியாக இருக்கும்போது, துணையில்லாமல் வயசான விவசாயியாகத் தெரிவார். பாவமாகக்கூட இருக்கும். அதுதான் தொந்தரவு. கடைசியில் மறித்து வைத்த தண்ணீரிலேயே தம்பி அவனை முடிக்கிறான். பிணம் வாய்க்காலோடு மிதந்து கீழ் வயலுக்குப் போகிறது, தண்ணீரும் கூடவே.

1966-ல் வந்த 'எல்லைச் சட்டம்' படத்திலும் இவர் உண்டு. 1980 ராணுவப் புரட்சியில் அந்தப் படத்தின் பிரிண்டுகள் அழிந்து, மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஆயுள் முழுக்க ஒருத்தர் வாங்கிய உதைக்கு அத்தாட்சி இவ்வளவு லேசானது.

சுல்தானஹ்மத்திலிருந்து கடல் பக்கமாக இறங்கினேன். சரிவுத் தெரு, பழைய மர வீடுகள், ரயில் பாதை, அதைத் தாண்டினால் கோட்டைச் சுவரும் மர்மரா கடலும். 2013-ல் நின்றுபோன ரயிலின் தண்டவாளத்தில் 2024-லிருந்து டிராம் ஓடுகிறது. பேட்டையின் பேர் ஜான்குர்த்தரான். அப்படியென்றால் 'உயிர் காப்பவர்'! வில்லன் கடை போட்ட இடத்தைப் பாருங்கள்.

அந்த மாதிரிக் கடைக்கு அங்கே 'கிராத்ஹானே' என்று பேர். வாசிக்கும் இடம் என்று அர்த்தமாம். நான் பார்த்தவரை தாயக்கட்டையைத்தான் வாசிக்கிறார்கள். பால் இல்லாத டீ, இடுப்பு சிறுத்த கண்ணாடி கிளாஸில்.

இத்தனை படம் நடித்தவர் ஏன் டீக்கடை நடத்தினார்? பி.காம். படித்த எனக்கு இது பெரிய புதிரில்லை. சினிமா, எப்போது வரும் என்று தெரியாத வரவு. டீ, சாயங்காலம் எண்ணிப் பார்க்கிற கல்லா. 1998 நவம்பரில் தாஷ் போய்விட்டார்.

ஒரு டீக்கடை வாசலில் பெரியவர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். பாஷை தெரியாமல் "எரோல் தாஷ்?" என்றேன். புருவத்தை நெரித்தார். இரண்டு விரலைத் துப்பாக்கியாக்கி என் நெஞ்சில் சுட்டார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்து, பையனைக் கூப்பிட்டு எனக்கொரு டீ சொன்னார். காசு நீட்டினால் கையைத் தட்டிவிட்டார்.

மேட்டில் ஏறி பஸ்ஸுக்குத் திரும்பினேன். கோஷ்டியில் மூன்று பேர் சுருட்டிய கார்ப்பெட்டோடு நின்றார்கள். அதில் ஒருத்தி என் மனைவி.