தண்ணீர் திறக்கும் நேரம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவள் என் பழைய மாணவி. பெயர் வேண்டாம். தூத்துக்குடி பக்கம் ஓர் உப்பளக் கிராமத்தில் 2019 டிசம்பர் தேர்தலில் வார்டு மெம்பராக ஜெயித்தவள். 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்தது. ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே கேட்டாள்: "அடுத்த எலெக்சன்ல மறுபடி நிக்கட்டா டீச்சர்? வீட்ல வேண்டாங்காவ."

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது.

1990களில் அவள் என் வகுப்பில் படித்தாள். தினமும் பிந்தி வருவாள். நான் வெளியே நிறுத்துவேன். "ஏன் லேட்?" என்று கேட்டதுண்டு. ஆனால் அது கேள்வி இல்லை, அதட்டல். அவளும் தலையைக் குனிந்துகொள்வாள்.

விஷயம் இதுதான். உப்பளத்து வேலைக்குப் போகும் தாய்மார் விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது, உப்பின் வெண்மை கண்ணைக் கூசும். தெருக்குழாயில் தண்ணீர் திறப்பதோ காலை ஆறரைக்கு. அந்நேரம் வீட்டில் இருப்பது மூத்த பெண்பிள்ளைதான். வரிசையில் நின்று குடங்களை நிரப்பி, தம்பியைக் கிளப்பிவிட்டு அவள் வந்து சேர்வதற்குள் பள்ளியில் மணியடித்துவிடும்.

இது எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? அவள் மெம்பர் ஆன பிறகு!

முதல் வருஷம் கூட்டத்துக்கெல்லாம் அவள் வீட்டுக்காரர்தான் போனாராம். நோட்டு வீட்டுக்கு வரும், இவள் கையெழுத்துப் போடுவாள். மெம்பர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஒருநாள் அவர் லாரியில் வெளியூர் போயிருந்ததால் இவளே போனாள். தெருவிளக்கு, வாறுகால் எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில் கேட்டிருக்கிறாள்: "தண்ணிய ஏன் காலைல திறக்கிய? சாயங்காலம் திறந்தா என்ன?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எப்பவும் அப்படித்தானம்மா திறக்கோம்" என்றுதான் பதில் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர். பஞ்சாயத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை. கலெக்டருக்கு மனு எழுதவும் தேவைப்படவில்லை.

அங்கே முன்பு இருந்த ஆண்கள் கெட்டவர்கள் இல்லை. குடம் தூக்காதவர்கள், அவ்வளவுதான். நான் பெண்தானே, எனக்கு ஏன் தோன்றவில்லை? என் வீட்டுக்குள்ளேயே குழாய் இருந்தது. ஆகவே பெண் என்றால் மட்டும் போதாது. பாடுபடுகிற பெண்ணே அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

அவள் தானாக நின்றுவிடவில்லை. அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதை 2016இல் பாதியாக்கியது. ஒதுக்கீடு இல்லாத இடத்தைப் பாருங்கள்: 2021 தேர்தலில் நம் சட்டமன்றத்தின் 234 இடங்களில் ஜெயித்த பெண்கள் 12 பேர். சட்டமன்றத்திலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை எல்லாம் முடிந்த பிறகுதான் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை மாகாண சட்டசபைக்குள் முதல் பெண்ணாகப் போனார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அங்கே குரல் கொடுத்தார். முழுச் சட்டம் வர 1947 ஆகிவிட்டது. ஒரே ஒரு பெண் உள்ளே இருந்தால் இருபது வருஷம். பாதிப் பேர் இருந்திருந்தால்?

நம் முத்துக்குளித்துறையில் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். முத்துக்குளிக்க இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவன் மச்சானாக இருக்க வேண்டுமாம். கயிறு நழுவினால் தாலி இழப்பது அவன் கூடப்பிறந்தவள். கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. ஆனால் அந்த நியாயம் இன்றைக்கும் பொருந்தும். தப்பு நடந்தால் யாருக்கு வலிக்குமோ அவர் கையிலும் கயிறு இருக்க வேண்டும்.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். முதலில், வெளியே நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் மறந்துட்டேன் டீச்சர்" என்றாள். மறந்திருக்க மாட்டாள். பிறகு சொன்னேன்: "நில்லு தாயி. இந்தத் தடவை முதல் கூட்டத்துக்கே நீயே போ. வீட்டுக்காரர்ட்ட நான் பேசுதேன்."

என் மாணவிகளே, உங்களில் எத்தனை பேர் மெம்பராக, கவுன்சிலராக இருந்தீர்கள், இருக்கிறீர்கள்? கூட்டத்துக்கு யார் போகிறார்கள்? உண்மையைச் சொல்லுங்கள். இப்போது நான் அதட்ட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்