டிக்கிக்குள் ஒரு பூதம்

ஆர்.எஸ்.புரம் டி.பி.ரோட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குச் சும்மா நின்று பாருங்கள். சில கார்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே வந்துவிடும். கடை ஷட்டர் லேசாக அதிரும், நெஞ்சுக்குள் யாரோ தட்டுவது போல இருக்கும், அப்புறம்தான் கார் திரும்பும். என்ன பாட்டு என்பது மட்டும் கடைசிவரை தெரியாது!

அப்படி ஒரு கார் 1999 மாடல் மாருதி ஜென். சொந்தக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மாமா. ஓட்டுவது ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் அவர் அக்கா மகன். பையன் படிப்பது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், மூன்றாம் வருடம். (இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.) செமஸ்டர் லீவில் சேர்த்த காசில், பழைய சாமான் விலைக்கு இரண்டு 12 இஞ்ச் சப்-ஊஃபரும் ஒரு மோனோ ஆம்ப்ளிஃபையரும் வாங்கினான். ஒரு கடையில் கொடுத்து ஒரே மணி நேரத்தில் மாட்டியும் வாங்கி விட்டான்.

பத்து நிமிடம் நன்றாகப் பாடியது. பிறகு ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்று போனது. ஆற வைத்தால் மறுபடி பத்து நிமிடம். மறுபடி சிவப்பு விளக்கு.

ஆம்ப் டூப்ளிகேட் என்றான் ஒரு நண்பன். பேட்டரி வீக் என்றான் இன்னொருவன். விஷயத்தைப் பிடித்தது சுக்கிரவார்பேட்டைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு பெரியவர். கோவையில் பம்ப்செட் மோட்டார் காயில் கட்டுகிறவர்களுக்குத் தெரியாத காயில் கிடையாது. ஸ்பீக்கர் பக்கமே போகாத மனிதர், ஒயரைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங் தம்பி, மீட்டர் வெச்சுப் பாத்தீங்ளா? எத்தன ஓம் காட்டுது?"

0.9 காட்டியது.

கதை இதுதான். அந்த சப்-ஊஃபர் ஒவ்வொன்றிலும் இரண்டு காயில், ஒவ்வொரு காயிலும் 4 ஓம். ஆக மொத்தம் நான்கு காயில். கடைக்காரர் நான்கையும் பேரலலாகச் சேர்த்துவிட்டார். 4 ஓமை நான்கால் வகுத்தால் 1 ஓம். (மீட்டர் டி.சி.யில் அளப்பதால் பெயரளவு ஓமைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும்.) ஆம்ப்பின் அடியிலோ "குறைந்தபட்சம் 2 ஓம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட்டைத் தள்ள வேண்டும். தாங்க முடியாமல் தன்னைத் தானே அணைத்துக் கொண்டது. அணைத்துக் கொண்டதே நல்ல ஆம்ப் என்பதற்கு அடையாளம். மட்டமான சரக்காக இருந்தால் புகை வந்திருக்கும்.

சரி, 2 ஓம் ஆக்கிவிடலாமே? முடியாது. நான்கு 4 ஓம் காயில்களைச் சரிசமமாகச் சேர்த்தால் 1, 4, 16 என்ற மூன்று கணக்குதான் வரும். ஒரு சப்-ஊஃபரின் இரண்டு காயிலையும் சீரிஸில் போட்டால் 8 ஓம். அப்படி இரண்டு 8 ஓமைப் பேரலலில் சேர்த்தால் 4 ஓம். இதுதான் வழி. இதையெல்லாம் முதல் வருடமே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் இவன்!

அவனுடைய வருத்தம் வேறு. அந்த ஆம்ப் 2 ஓமில் 500 வாட், 4 ஓமில் 300 வாட் தரும். 200 வாட் வீணாகிறதே? காதுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. வாட்ஸ் இரண்டு மடங்கானால்தான் 3 டெசிபல் கூடும். 300க்கும் 500க்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2.2 டெசிபல், அவ்வளவுதான். பெட்டியில் போட்டிருக்கும் "1200 வாட்ஸ்" என்பது கண நேர உச்சம். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணை. அவன் வாங்கியதில் அது ஒன்றுக்கு 250.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாதாரண ஓம் கதை. மறுநாள் காலை அம்மா, அக்கா, அக்கா குழந்தை எல்லோரும் அதே காரில் மருதமலை போவதாக இருந்தது. ராத்திரி ஒயரை மாற்றுகிறேன் என்று கால்மிதியைத் தூக்கியவன், பவர் ஒயரைப் பிடித்துக் கொண்டே முன்னால் போனான். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் துளை போட்டு ஒயரை அப்படியே நுழைத்திருந்தார்கள். ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு ஒயரின் தோலைப் பாதி தின்றிருந்தது. உள்ளே கம்பி மினுங்கியது.

வீட்டில் ஷாக் அடித்தால் ஆளைத் தூக்கிப் போடும், 12 வோல்ட் என்ன செய்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பது. 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ். அந்தக் கம்பி தகட்டைத் தொட்டால் பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் சில நொடிகளில் பழுத்துவிடும், மேலே கார்ப்பெட், அதற்கு மேலே சீட். ஃப்யூஸ் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது, டிக்கியில், ஆம்ப் பக்கத்தில்! கோளாறு ஃப்யூஸுக்கு முன்னாலேயே நடந்தால் அந்த ஃப்யூஸ் வேடிக்கைதான் பார்க்கும். அது இருக்க வேண்டிய இடம் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடிக்குள். அது முதலில் காப்பாற்றுவது ஒயரை, ஆம்ப்பை அல்ல.

அந்த ஒயரும் வீட்டு வயரிங்குக்குப் போடும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். 300 வாட் வெளியே வர, உள்ளே சுமார் 400 வாட் போக வேண்டும். 13.5 வோல்ட்டால் வகுத்தால் 30 ஆம்பியர். நாலரை மீட்டர் ஒயரில் அரை வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே காணாமல் போகும். போவது எங்கே? சூடாகத்தான். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அது 0.15 வோல்ட்தான். செம்பு என்று சொல்லிச் செம்புப் பூச்சுள்ள அலுமினியத்தையும் தலையில் கட்டுவார்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான் பரிசோதனை.

அன்று ராத்திரியே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பழைய ஒயரை முழுக்க உருவி எடுத்துவிட்டான். மருதமலைக்கு டவுன் பஸ். அம்மா திட்டினார், காரணத்தைச் சொல்லவில்லை அவன்.

அடுத்த இரண்டு நாளும் அவனே உட்கார்ந்தான். பேட்டரிப் பக்கம் 40 ஆம்பியர் ஃப்யூஸ். துளைக்கு ரப்பர் வளையம். எர்த் ஒயருக்கு அதே தடிமன். பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட். பாட்டு வரும் ஒயரைக் காரின் மறுபக்கம் கொண்டு போனதும், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது கேட்ட விசில் சத்தமும் போய்விட்டது. கெய்ன் என்கிற திருகு வால்யூம் அல்ல என்பதும் அப்போதுதான் உறைத்தது. சப்-ஊஃபரைக் கழற்றிவிட்டு, பிளேயரை முக்கால் வால்யூமில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மீட்டரில் 34 வோல்ட் வந்ததும் நிறுத்தினான். 300ஐ 4ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6. அதற்கு மேல் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, காயில் சூடேறி உயிரை விடும்.

ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெளியே கேட்கும்படி அலறவிடக் கூடாது என்று 2000-ம் வருடத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பக்கத்து வீட்டுத் தாத்தா அதை எப்போதோ சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சீட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டார். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டு நின்றார்.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் கேக்குது மாப்ளே. தேங்கா மூட்டைய எங்க வெக்கறது?"