மூசையும் மனுவும்

பொற்கொல்லர் பொன்னை உருக்கும் கலத்திற்கு மூசை என்று பெயர். பொன்னின் மாற்று இன்னதென்று தெரிவது அதனடியில் நெருப்பு மூண்ட பிறகே. அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் எழுதி, 1953-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நியூயார்க் நகரில் அரங்கேறிய ‘தி குரூசிபில்’ என்னும் நாடகத்தின் பெயருக்கும் பொருள் அதுவேயாம். சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டோர்மீது நடந்த வழக்குகளே அந்நாடகத்தின் கதை.

நமது தந்தையார் சிங்கப்பூரில் வேலை பார்த்தமையால் நாம் அங்கு ஓர் ஆங்கிலப் பள்ளியில் பயின்றோம். பதினைந்தாவது வயதில் அந்நாடகத்தைப் படித்தோம். ‘கதாநாயகனின் குணவியல்பையும் நாடகத்திலுள்ள போராட்டத்தையும் ஆராய்க’ என்பது பரீட்சைக் கேள்வி. நல்லோர்க்கும் தீயோர்க்கும் இடையே நிகழும் போராட்டம் என்று நான்கு பக்கம் எழுதினோம். பத்துக்கு எட்டு மதிப்பெண் பெற்றோம். எழுதியது தவறென்று தெரிந்துகொள்ள நமக்குப் பதினைந்து ஆண்டுகளும் ஒரு கிழவியின் வீடும் தேவைப்பட்டன. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

நாம் இப்பொழுது பத்து பாகாட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. பெயர் எழுதுவதே நமது தொழில். காலையில் பெரட்டுக்கு வந்தவர் பெயர், வராதவர் பெயர், முன்பணம் வாங்கியவர் பெயர், மருத்துவமனைக்குப் போனவர் பெயர் என்று நாள் முழுதும் பெயர்களே. பால்மரம் வெட்டிய காலத்து மக்களிற் பெரும்பாலோர் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இப்பொழுது குலை வெட்டுவோரிற் பலர் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் ஆவர். லயத்தில் எஞ்சிய தமிழ்க் குடும்பங்கள் பதினான்கு.

ஆறாண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில், அந்தப் பதினான்கு வீடுகளில் காய்ச்சல் புகுந்தது. இரண்டு குழந்தைகள் படுத்தன; ஒன்று பிழைத்தது, மற்றொன்று மருத்துவமனையில் இறந்தது. அதே வாரத்தில் மண்டோரின் பசுவும் செத்தது. லயத்தின் கோடி வீட்டில் தனியே வாழ்ந்தாள் ஒரு விதவைக் கிழவி. பச்சிலை அறிந்தவள், வாய் கொஞ்சம் கடுமை. கொல்லைத் தோட்டத்து எல்லையைப் பற்றி மண்டோரின் மனைவிக்கும் அவளுக்கும் நெடுநாளாய் வழக்கு. ஒரு நாட்காலை, குழந்தையை இழந்த வீட்டின் படிக்கட்டின் கீழே ஊசி குத்திய எலுமிச்சம்பழமும் ஒரு கற்றை மயிரும் சிவப்புத் துணியில் முடிந்து கிடக்கக் கண்டனர். அம்முடிச்சை வைத்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிழவி என்று எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் மாலை பத்துப் பேர் ஆபீசுக்கு வந்தனர். “கிராணி ஐயா, மானேஜருக்கு ஒரு மனு எழுதித் தாங்க. சூனியம்னு எழுத வேணாம்; சிரிப்பாங்க. ஓய்வு பெற்ற ஆளு, வீட்டைக் காலி பண்ணணும்னு எழுதுங்க,” என்றார் மண்டோர். நாம் சூனியத்தை நம்புகிறவர் அல்லோம். காய்ச்சல் கொசுவால் வருவது என்பதையும் அறிவோம். ஆயினும் எழுதினோம். நல்ல மலாயில், ஒரு பிழையுமின்றி எழுதினோம். பதின்மூன்று வீட்டாரும் கையொப்பமிட்டனர். சாட்சியாக நாமும் இட்டோம். பத்து நாளில் கிழவி ஒரு தகரப் பெட்டியோடு குளுவாங்கிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். பிறகு சுகாதார இலாகாவினர் வந்து பார்த்தனர். லயத்தின் பின்னே கிடந்த பழைய டயர்களிலும் தண்ணீர்ப் பீப்பாய்களிலும் டெங்கிக் கொசுவின் புழுக்கள் நெளிந்தன. அவற்றுள் இரண்டு பீப்பாய்கள் மண்டோருடையவை.

அந்த வாரத்தில்தான் பழைய பெட்டியிலிருந்து அந்நாடகத்தை எடுத்து மறுபடியும் படித்தோம்.

சரித்திரத்தில் நடந்தது இது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் குடியேற்றத்தில் சேலம் என்றோர் ஊர். 1692-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சாமுவேல் பாரிஸ் என்னும் பாதிரியாரின் மகளும் அவர் வீட்டில் வளர்ந்த உறவுப் பெண் அபிகெயிலும் காரணம் விளங்காமல் துடித்துப் பிதற்றினர். சூனியம் என்ற பேச்சு எழுந்தது. முதலிற் பெயர் சொல்லப்பட்ட மூவர் யாரெனின், பாரிஸ் வீட்டு அடிமைப் பெண் டிடூபா, இரந்துண்டு திரிந்த சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்பர்ன். ஊரில் எவளுக்கு ஆதரவு குறைவோ அவளே முதலிற் சூனியக்காரியாவாள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? சில மாதங்களில் 150-க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். 19 பேர் தூக்கிலேறினர், அவருள் 14 பேர் பெண்கள். வழக்குக்கு உட்பட மறுத்த ஜைல்ஸ் கோரி என்னும் முதியவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றனர். குற்றத்தை ஒப்புக்கொண்டு அச்சொல்லில் நின்றவர் ஒருவரும் தூக்கிலேறவில்லை. பொய் சொன்னவர் பிழைத்தனர். மெய் சொன்னவர் மாண்டனர்.

மில்லர் இச்சரித்திரத்தை அப்படியே எழுதினாரல்லர். பதினொரு வயதளவினளான அபிகெயிலைப் பதினேழு வயதுக் குமரியாக்கினார்; அறுபது வயதளவினரான ஜான் பிராக்டரை முப்பதுகளிலுள்ள உழவனாக்கினார்; இருவருக்கும் இடையே ஒரு தகாத உறவையும் கற்பித்தார். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் இவ்வுறவையே கதையின் வேர் என்று கொள்வர். நாமும் அவ்வாறே கொண்டோம். ஆனால் ஒரு பெண்ணின் பொறாமை மட்டும் ஓர் ஊரைத் தூக்கிலேற்ற வல்லதா? அவள் பொறி, காய்ந்த விறகை அடுக்கி வைத்தோர் மற்றையோர். நிலத்தின்மேல் ஆசை கொண்ட தாமஸ் புட்னம் இருக்கின்றான். தன் பதவி போய்விடுமோ என்று நடுங்கும் பாரிஸ் இருக்கின்றார். நம் லயத்தில் அது கொல்லைத் தோட்டத்து எல்லையாக இருந்தது.

நம்மை உறங்கவிடாத பாத்திரம் பாதிரியார் ஹேல். அவர் கொடியவர் அல்லர், கற்றவர். பேயின் இலக்கணங்களெல்லாம் எழுதிய கனத்த புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊருக்குள் நுழைகின்றார். அவருடைய கல்வியே ஊராரின் வதந்திக்கு முத்திரை வைக்கின்றது. குற்றமற்றோர் சாகின்றனர் என்று அறிந்தபின் நியாயஸ்தலத்தை விட்டு வெளியேறுகின்றார்; கடைசியில், பொய்யையாவது சொல்லி உயிர் பிழையுங்கள் என்று கைதிகளிடம் மன்றாடுகின்றார். படித்தவன் முதலில் கையொப்பமிடுகின்றான், பிறகு வருந்துகின்றான். ஹேலுக்கோ தாம் நம்பியதைச் செய்தோம் என்ற சமாதானமாவது இருந்தது. நம்பாததைச் செய்த நமக்கு அதுவும் இல்லை.

மேரி வாரன் என்னும் வேலைக்காரப் பெண் மற்றொருத்தி. நேற்றுவரை ஏவியதைச் செய்தவள், சாட்சி சொல்லத் தொடங்கியதும் நியாயஸ்தலத்தின் அதிகாரியாய் நிமிர்கின்றாள். அவள் உண்மை சொல்ல வருகின்றாள். தோழிகள் எல்லோரும் அவளுக்கெதிரே கூச்சலிட்டவுடன் மீண்டும் பொய்க்குள் ஓடி ஒளிகின்றாள். மனுவில் ஒப்பமிட்ட பதின்மூன்று வீட்டாரில் இருவர் அன்றிரவே நம்மிடம் வந்து, “எங்களுக்கு மனசு ஒப்பலே ஐயா, ஆனா எல்லாரும் போட்டாங்க,” என்றனர். மேரி வாரனை நாம் எங்கும் தேடவேண்டியதில்லை.

நீதிபதி டான்பொர்த்தைப் பார்ப்போம். பெண்கள் நடிக்கின்றனர் என்ற ஐயம் அவருக்கு எழாமல் இல்லை. ஆயினும் பன்னிருவர் தூக்கிலேறியபின் மற்றவர்க்குத் தயை காட்டினால், முன்னே இறந்தோர் குற்றமற்றோர் என்றாகிவிடும் என்று அஞ்சுகின்றார். செய்த தவறு வெளிப்படாதிருக்க மேலும் தவறு செய்கின்றார். இங்கே நமக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகின்றது. அங்கும் ஒரு பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, விசாரியாமல், பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். ஆனால் சிலம்பு உடைந்து உண்மை தெறித்த கணமே, தானே கள்வன் என்று உணர்ந்து அரியணையில் உயிர்விட்டான். தவறு செய்யாத அதிகாரம் உலகில் இல்லை. தவறு தெரிந்தபின் என்ன செய்கின்றது என்பதிலேதான் பாண்டியன் வேறு, டான்பொர்த் வேறு.

நாடகத்தில் ஒரு மனுவும் வருகின்றது. குற்றஞ்சாட்டப்பட்ட ரெபேக்கா முதலிய பெண்கள் நல்லவர் என்று 91 பேர் கையொப்பமிட்டுத் தருகின்றனர். டான்பொர்த் அத்தனை பேரையும் பிடித்து விசாரிக்க ஆணையிடுகின்றார். சரித்திரத்திலும் ரெபேக்கா நர்ஸுக்காக அண்டை அயலார் 39 பேர் கையொப்பமிட்டனர். பின்னும் அந்த 71 வயது மூதாட்டி தூக்கிலிடப்பட்டாள். எனினும் ஒப்பமிட்டோரின் துணிவு பொய்யாகவில்லை. கிழவியைக் காக்க ஒப்பமிடுவதற்குத் துணிவு வேண்டும். துரத்த ஒப்பமிடுவதற்கோ பேனா போதும்.

இறுதியில் பிராக்டர் உயிராசையால் பொய் வாக்குமூலத்தில் ஒப்பமிடுகின்றான். பிறர் பெயரைச் சொல் என்றபோது மறுக்கின்றான். அத்தாளைக் கோயிற் கதவில் ஒட்டப்போகின்றார்கள் என்றதும் அதனைக் கிழித்தெறிந்து தூக்குமேடைக்கு நடக்கின்றான். நாடகத்தின் உண்மையான போராட்டம் இதுவே. அது பிராக்டருக்கும் அபிகெயிலுக்கும் இடையே நிகழ்வதன்று. ஒருவனுடைய உயிருக்கும் அவன் பெயருக்கும் இடையே நிகழ்வது. மில்லரையும் அதே மூசையில் இட்டார்கள். பொதுவுடைமைக்காரரைத் தேடிய அமெரிக்கக் காங்கிரசின் குழு 1956-இல் அவரை அழைத்துப் பிறர் பெயர்களைக் கேட்டது; அவர் சொல்ல மறுத்தார். 1957-இல் குற்றவாளியென்று தீர்ப்பாகி, 1958-இல் அத்தீர்ப்பு மேல்முறையீட்டில் தள்ளப்பட்டது.

இது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்பார் உளரோ? 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இம்மலாயாவில் முகத்தை மூடிய ஒருவன் தலையசைப்பே சாட்சியமாயிற்று; விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் பல்லாயிரவர். வட வங்கத்து ஜல்பாய்குரித் தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். நம் முன்னோரைப்போலவே கூலிக்குக் கொணரப்பட்ட ஆதிவாசிகளின் லயங்களில், நோய் வந்தால் மருந்துக்கு முன் சூனியக்காரியைத் தேடும் கொடுமை நிகழ்ந்துள்ளது. அசாமில் பிருபாலா ராபா என்னும் கிராமத்துப் பெண்மணி, தம் மகன் மூன்று நாளில் இறப்பான் என்று மந்திரவாதி சொன்னது பொய்த்தது கண்டு, சூனியக்காரியென்று பழி சுமந்த பெண்களைக் காப்பதற்கே வாழ்நாளைத் தந்தார். 2015-இல் அசாம் சட்டசபை இதற்கென ஒரு கடுஞ்சட்டம் இயற்றியது, 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 2024-இல் மறைந்தார். அவர் பெரும்படிப்புப் படித்தவரல்லர். நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்!

சென்ற ஆண்டு குளுவாங்கிற்குச் சென்று கிழவியைக் கண்டோம். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழிநெடுகச் சொற்களைக் கோத்துக்கொண்டு போனோம். அவள் தேநீர் தந்தாள். “நல்ல வேளை வந்தீங்க கிராணி ஐயா. சேமநிதிப் பணத்தைப் பத்தி ஒரு கடுதாசி எழுதணும். நீங்க எழுதினா ஆபீசில கேப்பாங்க,” என்றாள். எழுதிக் கொடுத்தோம். கோத்த சொற்கள் நாவிலேயே நின்றன. அந்த மனுவை எழுதியது நாம் என்று அவளுக்குத் தெரியுமோ, தெரியாதோ, கேட்கத் துணியவில்லை.

சேலத்து நீதிபதிகளுள் சாமுவேல் செவால் என்பவர் 1697-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்துத் தேவாலயத்தில், சபையார் முன் எழுந்து நின்றார். பழி தம்முடையது என்று அவர் எழுதித் தந்ததைப் பாதிரியார் படித்தார். தலைமை நீதிபதி ஸ்டௌட்டன் கடைசிவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. டிடூபாவோ, சிறைச் செலவைப் பாரிஸ் கட்ட மறுத்தமையால் ஓராண்டுக்கு மேல் சிறையிற் கிடந்து, அக்கடனைக் கட்டிய வேறொருவருக்கு விற்கப்பட்டாள். அவளுக்கு ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.

பத்து பாகாட் என்னும் மலாய்ப் பெயருக்கு உளியாற் செதுக்கிய கல் என்பது பொருள். நம் மனு கல்லன்று, வெறுந்தாள். ஆயினும் பிராக்டரைப்போல் அதனைக் கிழிக்க இயலாது. ஆபீசுப் பைலில், நமது நல்ல கையெழுத்தில், அது இன்றும் இருக்கின்றது. ஆதலின் வாசகர்காள், உங்கள் முன் எழுந்து நிற்கின்றோம். அந்த மனுவை எழுதியவர் நாமே.