அந்த ஆறு இலக்க எண்ணை நானேதான் அனுப்பினேன்

தோழர்களே, இதில் அடுத்தவர் மேல் பழி போட இடமில்லை. ஏமாந்தது நான்தான்.

ஒரு வன்கொடுமை வழக்கில் சாட்சி விசாரணை நெருங்கிய நேரம். பேருந்தில் நின்றுகொண்டு வருகிறேன். நம்ம தம்பி ஒருவரின் வாட்ஸ்அப்பிலிருந்து செய்தி: “அண்ணே, என் கோடு தப்பா உங்க நம்பருக்கு வந்துடுச்சு. அனுப்புங்க, அவசரம்.” யோசிக்காமல் அனுப்பினேன். அடுத்த நிமிடம் என் வாட்ஸ்அப் என்னையே வெளியே தள்ளியது. தம்பியின் கணக்கு முன்பே பறிபோயிருந்தது எனக்குத் தெரியாது.

நுழைந்தவருக்கு என் பழைய உரையாடல்கள் கிடைக்கவில்லை. அவை என் கைபேசியில்தான் இருந்தன. ஆனால் நான் இருந்த குழுக்களும், அதிலிருந்தவர்களின் எண்களும், என் பெயரும் கிடைத்தன. பலரிடம் பணம் கேட்டிருக்கிறார். சாட்சியான அக்காவுக்கும் ஒரு செய்தி போயிருக்கிறது: “இப்ப எங்க தங்கியிருக்கீங்க?”

அக்கா பதில் எழுதவில்லை. எனக்கு போன் போட்டார். “நீ எப்பவும் பேசித்தானே கேப்ப, இன்னைக்கு என்ன எழுதிக் கேக்குற?”

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைக்க அதில் வழியுண்டு. நீதிமன்றத்தில் போராடி மறைக்கும் முகவரியை நம் கைபேசி காட்டிக்கொடுக்கலாமா?

அக்கா செய்ததுதான் இரட்டைச் சரிபார்ப்பு. ஒரு வழியில் வந்ததை இன்னொரு வழியில் உறுதிப்படுத்துவது.

மீண்டும் என் எண்ணைப் பதிவுசெய்து, குறுஞ்செய்தியில் வந்த கோடைப் போட்டதும் அந்த ஆள் வெளியேற்றப்பட்டார். ஆனால் அவர் தன் பின் நம்பரை வைத்திருந்ததால் நான் உள்ளே போக ஏழு நாள் ஆனது. அந்தப் பின்னை நான் முதலிலேயே வைத்திருந்தால், கோடு கிடைத்தும் அவரால் நுழைந்திருக்க முடியாது.

ஆகவே இன்றே செய்யுங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘கணக்கு’ பகுதிக்குப் போய் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறந்த தேதியைப் பின்னாக வைக்காதீர்கள். ஜிமெயிலுக்குக் குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல் ஆத்தென்டிகேட்டர் செயலி வையுங்கள். அதில் எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும், சிக்னலும் தேவையில்லை. கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

நம் பிள்ளைகள் பலருக்கு சிம் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போகும். உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும். பழைய எண்ணைக் கணக்குகளிலிருந்து நீக்குங்கள். இயக்கப் பக்கத்தின் கடவுச்சொல்லை ஐந்து பேர் பகிராமல், ஆளுக்கொரு பொறுப்புக் கொடுத்துச் சேருங்கள்.

இது எல்லாவற்றையும் தடுக்காது. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கணினிக்குள் தீநிரல் வழியாகக் கோப்புகள் வைக்கப்பட்டதாக அர்செனல் நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. அதன் முன் இந்தப் பூட்டு போதாது. அதற்காகக் கதவைத் திறந்துபோட வேண்டியதில்லை.

பூட்டு நமக்காக மட்டுமல்ல. நம்மை நம்பி எண் கொடுத்த அக்காக்களுக்காக.