தின்ன முடியாத பஜ்ஜி

நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மைக்கு முன்னால் களிமண் வாழைப்பழமும் களிமண் கத்தரிக்காயும் கடை பரப்பி வைக்கிற நமக்குப் பொய்க் காய்கறி ஒன்றும் புதிய சமாசாரம் அல்ல. மரச் சொப்பில் மணலைச் சோறாகவும் பூவரச இலையை அப்பளமாகவும் பரிமாறி வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்! ஆனால் இந்தப் பொய்ச் சாப்பாட்டையே ஒரு பெரிய தொழிலாக்கி, அதற்கென்று பட்டறைகளும் கைதேர்ந்த வேலைக்காரர்களும் வைத்துக்கொண்டு, ஹோட்டலுக்கு ஹோட்டல் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஜப்பான்காரர்கள். டோக்கியோவில் அந்த வித்தையை ஒரு மணி நேரம் நானும் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நான் மட்டும் தனியாகப் போயிருந்தால் இது வெறும் ஊர்சுற்றிக் கதையாகப் போயிருக்கும். என்னோடு தொண்டாமுத்தூர் அத்தையும் வந்திருந்தாள்.

அத்தையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது தொண்டாமுத்தூர். பாக்குத் தோப்பு, வாழை, சின்ன வெங்காயம். அறுவடை முடிந்தால் காட்டு ஓரத்தில் கூரை வேய்ந்த வெங்காயப் பட்டறைகள். மாமா காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டில் அத்தை ஒருத்திதான். ஒரே மகன் டோக்கியோவில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். நம் நாட்டுக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் நிஷி கசாய் என்ற பேட்டையில் ஜாகை. "வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள், அம்மா" என்று மாதம் தவறாமல் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அத்தையும் பாதி மனசாகிவிட்டாள். காட்டைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பாத்திர வியாபாரி வந்து அண்டா, குண்டா, போசி எல்லாவற்றையும் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டுப் போயிருந்தான். சந்தகை பிழிகிற மரத்தை மட்டும், "இது எடைக்கு ஆகாதுங்க, அடுப்புக்குத்தான் ஆகும்" என்று தள்ளி வைத்துவிட்டானாம். "மூணு மாசம் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றனுங்க" என்று அவனிடம் தவணை வாங்கிக்கொண்டு அத்தை விமானம் ஏறினாள். பத்திரிகை வேலையாக நான் அங்கே போன சமயம், அவளுடைய தவணையில் இரண்டு மாதம் கழிந்திருந்தது.

டோக்கியோவில் உவேனோவுக்கும் அசக்குசாவுக்கும் நடுவே கப்பாபாஷி என்று ஒரு தெரு இருக்கிறது. தவராமாச்சி ரயில் நிலையத்தில் இறங்கிப் பொடிநடையாகப் போய்விடலாம். முக்கால் கிலோ மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில், சுமார் 170 கடைகள். அத்தனையும் சமையல் சாமான் கடைகள்! ஹோட்டல்காரர்களுக்கென்று ஏற்பட்ட தெருதான். ஆனால் நாமும் தாராளமாக உள்ளே போகலாம். தெருமுனைக் கட்டடத்தின் மேல் வெள்ளைத் தொப்பியும் மீசையுமாக ஒரு சமையற்காரரின் மாபெரும் தலை உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனால், கப்பா என்ற நீர்க்குட்டிப் பூதத்துக்குப் பொன்னிறத்தில் ஒரு சிலை, 2003-ல் வைத்தார்களாம். அந்தப் பூதத்தின் உச்சந்தலையில் தட்டு மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். "பாத்திரக் கடை வீதிக்கு ஏத்த சாமிதான்" என்றாள் அத்தை. அக்டோபர் 9-ஆம் தேதியைச் சாமான்களின் நாள் என்று கொண்டாடுகிறார்கள். பத்தாவது மாதம், ஒன்பதாம் தேதி. ஜப்பானிய மொழியில் அந்த எண்களை ஒரு விதமாகச் சேர்த்துச் சொன்னால் சாமானைக் குறிக்கும் 'தோகு' என்ற சொல் வருமாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும்.

அந்தத் தெருவில்தான் இருக்கிறது நான் சொல்ல வந்த பொய்ச் சாப்பாட்டுக் கடை. கஞ்ஸோ ஷொகுஹின் சாம்புருயா என்று பெயர். 'சாம்புரு' என்றால் என்னவோ ஏதோவென்று திகைக்க வேண்டாம்; நாம் சொல்கிற அதே 'சாம்பிள்'தான். உள்ளே நுழைந்ததும் எனக்குப் பசி எடுத்துவிட்டது. நுரை ததும்பும் கண்ணாடிக் கோப்பை, ஆவி மட்டும்தான் பாக்கி என்று தோன்றும் சேமியாக் கிண்ணம், அந்தரத்தில் முள்கரண்டி நிற்க அதிலிருந்து தொங்குகிற நூலப்பம்! அத்தை ஒரு தக்காளித் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலைச் சீட்டை மருமகள் ரூபாயில் சொன்னாள்.

"ஏங்கண்ணு, திங்கவும் முடியாது, வெதைக்கவும் முடியாது. இதுக்கு இத்தனை வெலையா?" என்றாள் அத்தை.

விலை இருக்கத்தான் செய்யும். எல்லாம் கைவேலை. ஒரு ஹோட்டல்காரருக்கு வேண்டுமென்றால், அவர் தம்முடைய பலகாரத்தையே பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார். அதன் மேல் சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுத்து, பிசினை நிரப்பி, அடுப்பில் வேகவைத்து, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சாயம் ஏற்றுகிறார்கள். இட்லியைப் போலச் சட்டியோடு இறக்குகிற காரியம் அல்ல. நிஜப் பலகாரத்தைப் போலப் பல மடங்கு விலை ஆவதில் ஆச்சரியம் இல்லை.

இந்தத் தொழிலைப் பெருக்கியவர் இவாசாகி தாகிஸோ என்பவர். 1895-ல் குஜோ ஹாச்சிமன் என்ற மலைநாட்டு ஊரில் பிறந்தவர். சிறு வயதில் மெழுகுவத்தி சொட்டித் தண்ணீரில் பூப்போல விரிந்ததைப் பார்த்தாராம். அது அவர் மனசை விட்டுப் போகவேயில்லை என்று சொல்வார்கள். மனைவி செய்து கொடுத்த ஆம்லெட்டைப் பார்த்து மெழுகில் ஒன்று செய்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அந்த அம்மாளுக்கே எது தன் கைச் சமையல் என்று தெரியவில்லையாம்! 1932-ல் ஓசாகாவில் தொழிலாகவே ஆரம்பித்துவிட்டார். அவருக்கு முன்னாலும் சிலர் செய்து பார்த்ததுண்டு. பெரிய பெரிய கடைகளில் சாப்பாட்டுக் கூடங்கள் வந்த காலம் அது. கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு 'கட்லெட்' என்று எழுதிப் போட்டால் என்ன விளங்கும்? கண்ணால் பார்த்தால் கையை நீட்டிக் கேட்டுவிடலாம் அல்லவா? இன்றைக்கும் ஜப்பானில் செய்யப்படும் பொய்ச் சாப்பாட்டில் பெரும்பங்கு அந்தக் குஜோ ஹாச்சிமனிலிருந்துதான் வருகிறது. அந்தக் காலத்தில் எல்லாம் மெழுகு. வெயில் பட்டால் வெளுக்கும், வெப்பத்தில் உருகும். 1970-களுக்கு மேல்தான் பிசினுக்கு மாறினார்கள்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு மட்டும் இன்னும் பழைய மெழுகு முறைதான். முன்கூட்டியே சொல்லிவைத்து இடம் பிடிக்க வேண்டும். எங்களுக்கு ஆளுக்கொரு ஏப்ரன் மாட்டிவிட்டார்கள். முன்னால் ஒரு தொட்டி நிறைய வெதுவெதுப்பான தண்ணீர். அந்த ஊர்க் குளிருக்கு அதில் கையை வைத்ததே பரம சுகம்! முதலில் தெம்புரா, அதாவது ஜப்பான் பஜ்ஜி. உள்ளே வைக்க வேண்டிய காய் தயாராக இருக்கிறது. அத்தை கத்தரிக்காயைப் பொறுக்கினாள். அவளுடைய ஏழு வயதுப் பேத்தி இறாலை எடுத்துக்கொண்டாள்.

உருகிய மஞ்சள் மெழுகைச் சின்னக் குவளையில் மொண்டு, சற்று உயரத்திலிருந்து தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். விழுந்த சொட்டுகள் பரந்து, ஓரமெல்லாம் பொரிப்பொரியாக, எண்ணெயில் விட்ட மாவு மாதிரியே மிதக்கின்றன. அதன் மேல் காயை வைத்து, இரண்டு கையாலும் அணைத்துச் சுருட்டினால் பஜ்ஜி தயார். சொல்வதற்குச் சுலபம். என்னுடையது தோசை மாவில் விழுந்த கத்தரிக்காய் மாதிரி வந்தது. அத்தையோ குவளையை ஒரே சீராக ஆட்டி, பூந்திக் கரண்டி பிடிக்கிற லாகவத்தில் விட்டாள். சொல்லிக் கொடுக்க வந்த பெண் "ஓ!" என்று வாயைப் பிளந்தாள். கச்சாயமும் பூந்தியும் ஐம்பது வருஷம் சுட்ட கை என்பதை அவளுக்கு எந்தப் பாஷையில் சொல்வது?

அடுத்தது லெட்டூஸ். பார்வைக்கு இளம் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும் கீரை. வெள்ளை மெழுகைத் தண்ணீரில் ஊற்றி, அதை ஒட்டிப் பச்சை மெழுகையும் ஊற்றி, ஓரத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் மெதுவாகக் கீழே இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க மெழுகு மெல்லிசாகி, நரம்பும் சுருக்கமுமாக நிஜ இலையாகவே ஆகிவிடுகிறது! அதைப் பந்தாகச் சுருட்டிக் கத்தியால் இரண்டாக வகிர்ந்தால், உள்ளே மடிப்பு மடிப்பாகக் கோஸின் குறுக்குவெட்டு. இந்த இடத்தில் நான் கைதட்டியே விட்டேன்.

அப்போதுதான் பேத்தி ஒன்று கேட்டாள்: "அப்பத்தா, நீங்க பண்ற பருப்புச் சோறு, சந்தகை எல்லாம் இதே மாதிரி பண்ணி வெச்சுட்டா, நீங்க இல்லாதப்பக்கூட நான் பாத்துக்கலாமில்ல?"

குழந்தை நல்ல எண்ணத்தில்தான் கேட்டது. மருமகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை பதில் சொல்லவில்லை. கையில் இருந்த அரைக் கோஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்ததும் பாத்திரக் கடைகள். கத்திக் கடையில் சுவர் முழுக்கக் கத்திகள். வாங்கினால் நம் பெயரையே அதில் வெட்டித் தருகிறார்கள். முட்டை அடை சுடச் சதுர வாணலி, இஞ்சி துருவச் செம்புத் தகடு, பாத்திரத்துக்குள்ளேயே இறங்கிக் காயின் மேல் உட்கார்ந்துகொள்ளும் மரமூடி! அந்த மரமூடியை நான் வாங்கினேன். கூட்டுக் குழையாமல் வேகிறது, சகோதரிகளே. மாவரைக்கிற யந்திரம் மட்டும் எங்கள் கண்ணில் படவில்லை. அது நம் கோவையின் பெருமை. 1955-ல் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்துத் தமிழ்நாட்டுப் பெண்களின் தோள்பட்டையைக் காப்பாற்றினாரே!

ஒரு கடையில் அத்தை திடீரென்று நின்றுவிட்டாள். நீளமான மரப் பெட்டி. ஒரு முனையில் கம்பி வலை, மறு முனையில் தள்ளுகட்டை. கடற்பாசிக் களியை வைத்துத் தள்ளினால் நூல் நூலாக வருமாம். தொகொரோத்தென் என்று பெயர். "அட, இது நம்ம சந்தகை மரத்துக்குப் பங்காளியாட்ட இருக்குது!" என்று கையில் எடுத்துக்கொண்டாள். மருமகளுக்கு முகம் மலர்ந்தது. "வாங்கிக்கலாங்க அத்தை, இங்கயே சந்தகை பண்ணலாம்" என்றாள். அத்தை தள்ளுகட்டையை அழுத்திப் பார்த்தாள். மூட்டுகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"தாங்காது, அம்மிணி. வெந்த அரிசி மாவு சும்மா வருமா? ரெண்டு பேரு தொங்கோணும். இது களிக்குத்தான் ஆகும்." திரும்ப வைத்துவிட்டாள்.

அடுத்த கடையில் ஒரு மண்சட்டி. உள்ளே சீப்பால் வாரின மாதிரி வரிவரியாகப் பள்ளம். எள்ளை அரைக்கிற சட்டியாம், சுரிபாச்சி என்றார்கள். கூடவே ஒரு மர உலக்கைக் குட்டி. அத்தை விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். கொங்கு நாட்டில் கொள்ளும் கீரையும் கடைகிற சட்டிக்கும் உள்பக்கம் சொரசொரப்பாகத்தான் இருக்கும். "இது ஆகும்" என்றாள். அன்றைக்கு அவள் வாங்கின சாமான் அது ஒன்றுதான். விலை கேட்கவில்லை. மகன் கொடுத்திருந்த பணத்தை எடுக்காமல், இடுப்புச் சுருக்குப் பையில் மாற்றி வைத்திருந்த தன்னுடைய நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று இரவு நிஷி கசாயில் கொள்ளுப் பருப்பு. கொள்ளு அங்கேயே நம்மவர் கடையில் கிடைக்கிறது. அத்தை அடுப்புப் பக்கம் போகவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "சீரகம் முந்தி. பூண்டை நசுக்கிப் போடு. கடையறப்பத் தண்ணி ஊத்தாதே" என்று மருமகளைச் செய்ய வைத்தாள். பேத்தி சட்டியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டது. சாப்பிட்டுக் கை கழுவின பிறகு அத்தை சொன்னாள்:

"தம்பி, நான் ஊருக்குப் போறன். சட்டி இங்கெ இருக்கட்டும்."

மகன் கோபித்துக்கொண்டான். "அங்கே யாரும்மா இருக்கா? ராத்திரி ஒண்ணு ஆனா யாரு பாக்கறது?" என்றான். அது நியாயமான கேள்விதான். அத்தையிடம் அதற்குப் பதில் இல்லை. "பாத்துக்கறதுக்குன்னு மட்டும் சோறு பண்ணி வெக்கறதுல எனக்கு இஷ்டமில்ல, சாமி. லீவுக்குக் கொழந்தையக் கூட்டிட்டு வா. திங்கப் பண்றன்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இறுக்கமாகத்தான் இருந்தது.

ஊர் திரும்பியதும் பாத்திர வியாபாரி வந்தான். பெரிய அண்டா இரண்டையும் கொடுத்துவிட்டாள். கல்யாணச் சமையலா செய்யப் போகிறாள்? சந்தகை மரத்தை ஆசாரியிடம் கொடுத்துக் கைப்பிடியை மாற்றிவிட்டாள். ஜப்பானியப் பள்ளிக்கூடங்களுக்கு ஜூலைக் கடைசியில் விடுமுறை. ஆடி மாதத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று மகன் போன் செய்திருக்கிறான்.

போன வாரம் நான் தொண்டாமுத்தூர் போயிருந்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் திண்ணையில் இருந்த மெழுகுக் கோஸை எடுத்து, வெகு நேரம் புரட்டிப் பார்த்தார். "ஒரு பூச்சிக் கடி இல்லீங்களே! மருந்து ஜாஸ்தியா அடிச்ச காயிங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

சித்திரை வெயிலில் அதன் ஓரத்து இலை ஒன்று லேசாகத் தொய்ந்துவிட்டது. மெழுகாயிற்றே! அத்தை அதை உள்ளே எடுத்துப் போய், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ஈரச் சாக்கின் மேல், வாங்கின தக்காளியோடும் கீரைக் கட்டோடும் சேர்த்து வைத்திருக்கிறாள்.